பத்தொன்பது நாள் மூத்த அப்பா

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகராட்சி வார்டு அலுவலகத்தின் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவர் ஒகுனோ ஷிகெரு. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரே ஒரு தாள். மறுநாள் காலை எட்டரைக்கு நோரியாகிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அதற்குள் இந்தத் தாளை அலுவலகம் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஏற்றுக்கொண்டால் சட்டப்படி நோரியாகிக்கு ஷிகெரு அப்பா.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஷிகெருவுக்கு அறுபத்து மூன்று வயது, நோரியாகிக்கும் அறுபத்து மூன்று. ஒருவர் மார்ச் இரண்டாம் தேதி பிறந்தவர், மற்றவர் இருபத்தொன்றாம் தேதி. ஜப்பானில் வளர்ந்த ஆளை வளர்ந்த ஆள் தத்தெடுக்கலாம். ஒரு நாள் மூத்தவராக இருந்தால் போதும், இங்கே பத்தொன்பது நாள் இருந்தது. இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி, முடிந்தது வேலை. முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய இரண்டு ஆண்களைச் சட்டம் ஒரு குடும்பம் என்று ஒத்துக்கொள்ள வேறு வழி கிடையாது. கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான். நகராட்சி கொடுத்த ஜோடி அட்டை ஒன்று ஷிகெருவின் பர்சில் இருந்தது. பூப்போட்ட அழகான அட்டை. சட்டத்தின் முன் அது செல்லாது என்பதை வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கவுன்டரில் இருந்த பெண்ணின் மேலாடையில் ஷிமோதா என்று பெயர் குத்தியிருந்தது. தாளை வாங்கி வரிவரியாகப் படித்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். கை நின்றது. எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள்.

"குசுமி நோரியாகி வரலையா சார்?"

"ஆஸ்பத்திரியில இருக்கார்மா. நாளைக்கு ஆபரேஷன். ரெண்டு கையெழுத்தும் இருந்தா ஒருத்தர் வந்தாப் போதும்னு நேத்து போன்ல சொன்னீங்களே."

"வழக்கமா போதும் சார். ஆனா இவர் பேர்ல ஒரு தடை மனு இருக்கு. என்னை யார் தத்தெடுக்கிறதா தாள் வந்தாலும் வாங்காதீங்க, நான் நேர்ல வந்தா மட்டும் வாங்குங்கன்னு."

"யார் குடுத்த மனு?"

"அவரேதான். 2017, அக்டோபர் பதினொண்ணு."

யாராவது போலிக் கையெழுத்துப் போட்டுத் தங்களுக்குக் கல்யாணமோ விவாகரத்தோ தத்தோ பண்ணிவைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் கொடுக்கிற மனு அது. நோரியாகி யாருக்குப் பயந்து கொடுத்தார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதோ கவுன்டர் முன்னால் நிற்கிற இந்த மனுஷனுக்குப் பயந்துதான்.

"அவரே வந்தா உடனே நடந்துடும் சார். அஞ்சரை வரைக்கும் இருப்போம்" என்று ஷிமோதா தாளைத் திருப்பி நீட்டினாள். நல்ல பெண்தான். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் நல்ல பெண்ணின் மேலும் கோபம் வரத்தான் செய்கிறது.

ஷிகெரு முப்பத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பிரேக்கை ஒருமுறை சோதித்தால் திருப்தி வராது, மூன்று முறை சோதிப்பார். வீட்டிலும் அதே புத்திதான். கேஸை மூடிவிட்டுப் படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பார். நோரியாகி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க வாய் ஓயாது. இருவரும் சந்தித்ததே ஒரு லிஃப்டால்தான். 1987-இல் அந்தப் பள்ளியின் சாப்பாட்டு லிஃப்ட் பாதி வழியில் நின்று, இருநூறு பிள்ளைகளின் கறிக்குழம்பு மேலே போகாமல் மாட்டிக்கொண்டது. பழுதுபார்க்க வந்த ஷிகெருவுக்கு நோரியாகி ஒரு தட்டு சோறும் குழம்பும் போட்டுக் கொடுத்து, "சரிபண்ணிட்டு இன்னொரு தரம் கெடுத்துட்டுப் போங்க, நாளைக்கும் சாப்பாடு போடறேன்" என்றார். அடுத்த வருடம் ஒசாகாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். அக்கம்பக்கத்துக்கு அவர்கள் ஒத்த வயது நண்பர்கள், வாடகையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். அப்படியே வருடங்கள் ஓடின.

தத்துத் தாளை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஷிகெருதான், 2017-இல். அவர் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் செத்தபோது, கூட வாழ்ந்தவரைச் சாவு வீட்டுக்குள்ளேயே விடவில்லை என்று கேள்விப்பட்டார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தாளை முழுக்கத் தானே நிரப்பி, நோரியாகி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனுஷனுக்கு நேரம் காலம் தெரியாது.

நோரியாகி அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு ஒரு அப்பன் இருந்தான். பெல்ட்டாலயே வளர்த்தான். இன்னொருத்தன் வேண்டாம். உன் வீட்டுக்கு நான் புருஷனா வந்தேன், பிள்ளையா வரல" என்றார். இன்னொன்றும் சொன்னார். தத்தெடுத்தவரும் தத்துப் போனவரும் பிறகு அந்த உறவை ரத்து செய்தாலும் ஆயுளுக்கும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. சட்டம் அப்படி. "நாளைக்கே கல்யாணச் சட்டம் வந்தா? நான் காத்துட்டு இருக்கேன்டா, உனக்குத் தெரியாதா?" மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தாளை ஷிகெருவே கிழித்துப் போட்டார். அத்தோடு விட்டது என்றுதான் நினைத்திருந்தார். மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில் நோரியாகி வார்டு அலுவலகத்துக்குள் நுழைந்து வந்த கதை ஐந்து வருடம் கழித்து இன்றுதான் வெளியே வருகிறது.

இந்த வருடம் ஜூனில் ஒசாகா நீதிமன்றம் இப்போதிருக்கும் கல்யாணச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அன்று நோரியாகி டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். செப்டம்பரில் இருமலுக்கு எக்ஸ்-ரே எடுத்தபோது, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். ஆஸ்பத்திரியில் சேரும்போது ரத்த உறவு ஒருவர் பெயரைக் கேட்டார்கள். நோரியாகி அகிதாவில் இருக்கும் அக்கா கிமியேயின் நம்பரைக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து கிமியே ஷிகெருவுக்குப் போன் செய்தார்.

"இத்தனை வருஷம் தம்பிகூட ரூம்ல இருந்து பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக. "புதன்கிழமை நான் வந்துடுவேன். டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன். ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா அவனை நாங்க ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவோம். நீங்க சிரமப்பட வேண்டாம்."

நீங்க சிரமப்பட வேண்டாம். நோரியாகி கண் விழிக்காமல் கிடந்தால் அந்த அறைக்குள் யார் போவது, மூச்சுக் குழாயை எடுப்பதா வைப்பதா என்று யார் சொல்வது, எரித்த பிறகு எலும்பைப் பொறுக்கிப் பானையில் போடுவது யார், எல்லாவற்றுக்கும் பதில் கிமியே. ஷிகெரு யார்? ரூமில் இருந்தவர். திங்கட்கிழமை புதுத் தாள் ஒன்றை ஆஸ்பத்திரிக் கட்டிலின் சாப்பாட்டுப் பலகையில் வைத்தார். நோரியாகி ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த மனுஷன் எதையாவது பேசாமல் செய்ததுண்டா?

வார்டு அலுவலகத்திலிருந்து ஷிகெரு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி பத்தேகால். நாலு கட்டில் போட்ட அறை. ஜன்னல் ஓரக் கட்டிலில் நோரியாகி, அடுத்த கட்டிலில் ஹடோரி என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஷிகெரு திரையை இழுத்துவிட்டார். துணித் திரைக்கு என்ன மறைக்கத் தெரியும்? ஹடோரி தன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

"வாங்கிக்கல" என்றார் ஷிகெரு.

"ம்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்ப மறக்கல."

ஷிகெரு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். "வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டியா?"

"நீ மூணு நாளா சாப்பிடாம கெடந்தே. கையெழுத்துப் போட்டா ரெண்டு நாளாவது சாப்பிடுவேன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஆபரேஷனும் முடிஞ்சிடும். நான் பொழச்சிட்டா அந்தத் தாளே தேவையில்ல."

"பொழைக்கலைன்னா?"

நோரியாகி ஜன்னலைப் பார்த்தார். பதில் வைத்திருக்கிற ஆள் பதில் சொல்லாமல் இருந்தால் வருகிற கோபம் தனி. ஷிகெருவுக்கு அது உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கத்தக் கூடாது, இவனுக்கு ரத்த அழுத்தம் ஏறக் கூடாது என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டார்.

"நீ போயிட்டா உனக்கு ஒண்ணும் தெரியாதுடா. நான்தான் அந்த வராந்தாவுல நிக்கணும். உள்ள உன்னைக் குளிப்பாட்டுவாங்க, துணி மாத்துவாங்க, நான் வெளிய உன் செருப்பை வெச்சிக்கிட்டு நிக்கணும். உங்க அக்கா வந்து, அந்தச் செருப்பையும் குடுத்துடுங்கன்னு மரியாதையா கேப்பாங்க. நானும் குடுத்துடுவேன். எனக்குப் பயமா இருக்குடா. உன் புருஷன்ற பேரு எனக்குப் பெருமைதான். ஆனா அந்தப் பேரை வெச்சிக்கிட்டு ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது."

திரைக்கு அந்தப் பக்கம் ரேடியோ சுத்தமாக நின்றுவிட்டது.

நோரியாகி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "மணி என்ன?" என்றார்.

"பத்தரை."

"அக்கா எத்தனை மணிக்கு வர்றா?"

"ரெண்டே முக்காலுக்கு. மூணு மணிக்கு டாக்டர் கூப்பிட்டிருக்கார்."

நோரியாகி கையை நீட்டித் தலைமாட்டு மணியை அழுத்தினார். ஓடி வந்த நர்ஸிடம், "ரெண்டு மணி நேரம் வெளிய போகணும். டாக்டரைக் கேளுங்க" என்றார்.

டாக்டர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. வீங்கின ரத்தக்குழாயை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு முதல் நாள் ஊர் சுற்றுகிற நோயாளியை அவர் பார்த்ததே இல்லையாம். ஷிகெரு உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். டாக்டர் படித்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீல்சேர் வண்டியில போங்க. நடக்கக் கூடாது. கோபம் கூடாது. சத்தமா சிரிக்கவும் கூடாது. ரெண்டரைக்குக் கட்டில்ல இருக்கணும்" என்றார்.

"கோபம் கூடாதுன்னா இவனைக் கூட்டிட்டுப் போக முடியாதே டாக்டர்" என்றார் நோரியாகி.

வீல்சேர் ஏற்றுகிற வண்டிக்குப் போன் செய்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கி, மருந்தை எழுதி வாங்கி, ஷிகெரு மேலும் கீழும் அலைந்து முடிப்பதற்குள் பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது ஹடோரியின் மனைவி நோரியாகியின் கட்டில் பக்கம் நின்று எதையோ மடித்துக்கொண்டிருந்தார். ஷிகெருவைக் கண்டதும் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நோரியாகி கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். ஷிகெரு அதைக் கவனித்தார், கேட்க நேரமில்லை.

வார்டு அலுவலகத்தில் சாப்பாட்டு நேரக் கூட்டம். டோக்கன் நூற்று நாற்பத்தேழு. பலகையில் நூற்று முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஷிகெரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோரியாகியின் முகத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரம். முகம் வெளிறியிருக்கிறதா, இல்லை டியூப்லைட் வெளிச்சமா? நூற்று முப்பத்தாறு. ஒரு இளஞ்ஜோடி குழந்தையின் பிறப்பைப் பதிய வந்து, பெயரின் எழுத்தை மாற்றலாமா என்று கவுன்டரிலேயே யோசித்துக்கொண்டிருந்தது. வீட்டிலேயே யோசித்துவிட்டு வந்தால் என்ன கேடு? நூற்று நாற்பது. மணி ஒன்று இருபது.

"மூச்சு எப்படி இருக்கு?"

"உள்ளயும் வெளியயும் போகுது."

"நெஞ்சு வலிக்குதா?"

"நீ கேக்கறப்பல்லாம் வலிக்குது."

ஒன்றரைக்கு எண் வந்தது. நல்லவேளையாக அதே ஷிமோதா. வீல்சேரைக் கவுன்டருக்கு நேராகத் தள்ளி நிறுத்தி, ஷிகெரு உறையைத் திறந்தார். அதற்குள் நோரியாகி பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்துக் கவுன்டரில் விரித்தார். பளீர் என்ற ரோஜா நிறத் தாள். நாலு மூலையிலும் ரிப்பன் படம், நடுவில் பூங்கொத்து. கல்யாணப் பெண்களுக்கான மாதப் பத்திரிகைகளில் இலவசமாக வைத்துத் தருகிற கல்யாணப் பதிவுத் தாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கடையில் ஹடோரியின் மனைவி பத்திரிகை வாங்கி, தாளைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சாட்சி இடத்தில் ஹடோரியும் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'மனைவி' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு அதற்கு மேல் 'கணவன்' என்று எழுதி, அங்கே நோரியாகி தன் பெயரை எழுதியிருந்தார். பக்கத்தில் இன்னொரு கணவனுக்கான இடம் காலியாக இருந்தது.

"மொதல்ல இது" என்றார்.

ஷிகெருவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வியர்த்துவிட்டது. "இதை வாங்க மாட்டாங்கடா."

"தெரியும்."

"ரெண்டரைக்குக் கட்டில்ல இருக்கணும். இதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

"முப்பத்தி நாலு வருஷமா நேரமில்ல" என்றார் நோரியாகி. "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா இனி ஜென்மத்துக்கும் இதுல போட முடியாது. அதனால மொதல்ல இதுல போடு. இவங்க மாட்டேன்னு சொல்லட்டும். மாட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும். நான் உன்னைக் கேட்டேன், நீ சரின்னே, இவங்கதான் வேண்டாம்னாங்கன்னு ஒரு காகிதமாவது இருக்கட்டும். அப்புறம் நீ எனக்கு அப்பனா இரு, பாட்டனா இரு."

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஷிமோதா ஒரு பேனாவை எடுத்து ஷிகெருவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

எழுத்து கோணியது. சொந்தப் பெயரை எழுத இவ்வளவு நேரமா என்று அவருக்கே தோன்றியது. ஒகுனோ ஷிகெரு என்று எழுதி முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடி நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை.

ஷிமோதா தாளை உள்ளே கொண்டுபோனாள். பத்து நிமிடம். பன்னிரண்டு. ஒன்று ஐம்பது. அதிகாரி ஒருவர் அவளோடு வந்தார். நல்ல உயரம், கழுத்தில் பட்டியில் தொங்கும் கண்ணாடி. "மன்னிக்கணும். ரெண்டு பேரும் ஆண்கள்ங்கிறதால இதை ஏத்துக்க முடியாதுங்க" என்று குனிந்தார்.

"அதையே எழுதிக் குடுங்க" என்றார் நோரியாகி.

"மறுப்புச் சான்று தரலாம். கொஞ்சம் நேரம்..."

"வேகமா குடுங்க சார்" என்றார் ஷிகெரு. "இவர் நெஞ்சுல வெடிகுண்டு இருக்கு."

அதிகாரி இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஐந்துக்குச் சான்று வந்தது. கல்யாணப் பதிவு கோரி இன்னாரும் இன்னாரும் கொடுத்த தாள், இருவரும் ஆண்கள் என்பதால் ஏற்கப்படவில்லை. கீழே வார்டின் முத்திரை. ஷிகெரு அதைக் கையில் வாங்கிப் படித்தார். இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. வேண்டாம் என்பதற்காகவே என்றாலும், சர்க்கார் காகிதம் ஒன்றில் அவர்கள் இருவரையும் கல்யாண ஜோடி என்று எழுதிய முதல் எழுத்து அது.

"அடுத்தது?" என்றாள் ஷிமோதா.

உறையிலிருந்த தத்துத் தாளை ஷிகெரு எடுத்தார். கொடுக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் இதற்காகத்தான் சண்டை போட்டார், மூன்று நாள் இதற்காகத்தான் பட்டினி கிடந்தார். இப்போது கை வரவில்லை. இதைக் கொடுத்தால், சற்று முன்பு கையெழுத்துப் போட்டாரே, அந்த இடத்தில் இனி ஒருபோதும் கையெழுத்துப் போட முடியாது.

"வேண்டாம்டா" என்றார். "போலாம். நீ பொழச்சி வருவே. சட்டம் வரும். காத்திருப்போம்."

"மணி என்ன?"

"ரெண்டு பத்து."

"மூணு மணிக்கு அந்த அறைக்குள்ள உன்னை விடணும்னா குடு."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும்டா" என்றார் நோரியாகி. அவர் குரல் உடைந்து ஷிகெரு கேட்டதே இல்லை, அப்போதுதான் கேட்டார். "அந்த வராந்தாவுல செருப்பை வெச்சிக்கிட்டு நிப்பேன்னு சொன்னியே. அதைக் கேட்டுட்டு நான் எப்படிடா மயக்க மருந்து போட்டுக்குவேன்?" தாளை ஷிகெருவின் விரலிலிருந்து உருவி, எட்டிக் கவுன்டரில் வைத்தார்.

ஷிமோதா நோரியாகியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இது உங்க சொந்த விருப்பம்தானே?" என்று கேட்டாள். தடை மனு இருப்பதால் கேட்டாக வேண்டும்.

"விருப்பம் நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்களே, அதுதாம்மா" என்றார் நோரியாகி. "இது சம்மதம். எழுதிக்குங்க."

தத்தை ஏற்றுக்கொண்ட சான்றையும் கையோடு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி இரண்டு நாற்பது. கட்டிலில் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டே அளவைக் குறித்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் அறையில் இரண்டு நாற்காலிதான் இருந்தது. ஒன்றில் கிமியே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், கறுப்புக் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நோரியாகியை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்த ஷிகெருவைப் பார்த்து எழுந்து வணங்கினார்.

"கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி. இனிமே குடும்பத்துக்குள்ள பேசிக்கிறோம்."

"நானும் குடும்பம்தாங்க அக்கா" என்றார் ஷிகெரு. டாக்டரிடம் ஏற்புச் சான்றை நீட்டினார். "நான் இவருக்கு அப்பா. சட்டப்படி. இன்னைலேர்ந்து."

"என்ன பேச்சு இது?" என்றார் கிமியே. "எங்க அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு."

டாக்டர் சான்றைப் படித்தார். காலையிலேயே விஷயம் தெரிந்த மனுஷன், ஆனாலும் மெதுவாகத்தான் படித்தார். பிறகு, "அப்பாவும் உக்காருங்க" என்று இன்னொரு நாற்காலியைக் காட்டினார். இவ்வளவுதான். முப்பத்து நாலு வருடமாகத் திறக்காத கதவு இந்த இரண்டு வார்த்தையில் திறந்தது.

கிமியே சான்றை வாங்கிப் பார்த்தார். குசுமி போய் ஒகுனோ நோரியாகி என்று இருந்தது. அந்தப் பெயரிலேயே அவர் கண் நின்றது. "நம்ம பேரையே விட்டுட்டியாடா நோரி?"

"விட்டுட்டேன் அக்கா."

"அப்ப நீ நம்ம குடும்பக் கல்லறைக்கும் வர மாட்டே."

"வர மாட்டேன்."

கிமியே கைப்பையைத் திறந்தார், மூடினார். கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்றுதான் ஷிகெரு நினைத்தார். போகவில்லை. "அம்மா கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். அம்மாவும் செத்து எத்தனையோ வருடம். டாக்டர் படம் போட்டு விளக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறையின் இரட்டைக் கதவு முன்னால் நர்ஸ் நின்று, "அப்பா இதுவரைக்கும் வரலாம்" என்றாள். நோரியாகிக்கு அரை மயக்கம். ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா?

"வர்றேம்ப்பா" என்றார்.

ஷிகெரு குனிந்து அவர் காதருகே, "பேர் சொல்லிக் கூப்பிடுடா" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

"ஷிகெரு" என்றார் நோரியாகி. கதவு மூடியது.

ஏழு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் வெளியே வந்து முதலில் ஷிகெருவிடம்தான் பேசினார். ரத்தம் நிறையப் போனது, நடுவில் ஒருமுறை இதயம் தகராறு செய்தது, ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டார். கிமியே மூன்று நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போனார். புது வருடத்துக்கு ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பினார். பெட்டி மேல் நோரியாகியின் பழைய குடும்பப் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

2025 மார்ச்சில் ஒசாகா மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள விடாத சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. மற்ற ஊர் மேல் நீதிமன்றங்களும் அதற்கு முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தன. இனி மிச்சம் உச்ச நீதிமன்றம். டிவியில் வழக்குப் போட்ட ஜோடிகள் நீதிமன்ற வாசலில் நின்று கொடி பிடித்து அழுதார்கள். ஷிகெருவும் நோரியாகியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தார்கள். யார் வயிற்றெரிச்சலும் படாமல் அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று ஷிகெரு நினைத்தார். நினைக்கும்போதே வயிறு எரிந்தது. இரண்டரை வருடம் பொறுத்திருந்தால்? ஆனால் அந்த வராந்தாவை நினைத்தால் மறுபடியும் அதே தாளைத்தான் கொடுப்பார். அதிலும் அவருக்குச் சந்தேகமில்லை.

போன் அடித்தது. பள்ளிச் சமையலறையில் நோரியாகியோடு வேலை பார்த்த டோமோயோ. நோரியாகி சத்தமாகப் பேசுகிற பொத்தானை அழுத்தி மேஜையில் வைத்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் டோமோயோ. அழுதுகொண்டிருந்தாள். "நான் ஒரு பட்டுக் கிமோனோ எடுத்து வெச்சிருக்கேன், உங்க கல்யாணத்துக்குத்தான். சட்டம் வந்த மறுநாளே வெச்சிடணும், சொல்லிட்டேன். எப்ப?"

தத்து விஷயம் அவளுக்குத் தெரியாது. நண்பர்கள் யாருக்கும் அவர்கள் சொல்லவில்லை. ஷிகெரு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நோரியாகி ஒரு வாய் டீ குடித்தார்.

"என்னைக் கேட்டா எப்படி டோமோயோ?" என்றார். "எங்க அப்பா சம்மதிக்கணுமே."

டோமோயோ விழுந்து விழுந்து சிரித்தாள். எந்த அப்பா, இந்த வயசுல என்ன அப்பா என்றாள். நோரியாகியும் சிரித்தார்.

"எனக்கு எப்பவோ சம்மதம்" என்றார் ஷிகெரு. அவள் சிரிப்பில் அது போனுக்குக் கேட்கவில்லை.